ஒரே கல், ஒரே கரண்டி

செப். 3, புதன்

வெயில். மழைக்கு அறிகுறியே இல்லை. மதுரை போய், கோதுமை ஒவ்வாமைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கினோம். அளவு குறையவில்லை. கோதுமை, மைதா, ரவை எல்லாம் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. டாக்டரம்மா: "எப்படியோ உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும்மா. இது சரியாகாம குழந்தைக்கு யோசிக்க வேண்டாம்." ஏற்கெனவே இரண்டு கரு கலைந்துவிட்டது. தலையாட்டினேன். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.

திரும்பும்போது விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் சாப்பாடு தேடல். பரோட்டாக் கடையில் தோசை உண்டு, ஆனால் ஒரே கல், ஒரே கரண்டி. சிக்கன் பொரிக்கிற எண்ணெயில்தான் சமோசாவும். கடைசியில் வாழைப்பழம், டீ. என் வீட்டுக்காரர் (வீ.கா.) எதிரில் நின்று எண்ணெய்ப் பரோட்டா தின்றார். சால்னா வாசம்.

பஸ்ஸில் சொன்னார்: "எனக்குத் தெரியாம எங்கனயோ வாங்கித் திங்கிற. இல்லாட்டி எப்படிக் குறையாம இருக்கும்?"

செப். 5, வெள்ளி

தீபாவளி சீசன். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் நாளெல்லாம் காகிதக் குழாய் சுற்றல். வேன் இறக்கிவிட ஏழாகிறது. அடுப்புப் பற்றவைக்கத் தெம்பில்லை. வீ.கா.வுக்குப் பிரஸ்ஸில் காலண்டர் வேலை, சாப்பாடும் அங்கேயே. எனக்குக் கடைதான்.

எழுதி வைத்துக்கொள்கிறேன்:
இட்லி – சரி.
சாம்பார் – கூடாது. பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்களாம்.
ஃப்ரைட் ரைஸ் – சோயா சாஸில் கோதுமை. சாஸ் இல்லாமல் கேட்கணும்.
ஆம்லெட் – கல்லைப் பொறுத்தது.
அவித்த முட்டை – யாரும் கெடுக்க முடியாது.

இட்லிக்கடை அம்மாவிடம் பெருங்காயம் போடாத சாம்பார் உண்டா என்று கேட்டேன். "என்னம்மா, மாசமா இருக்கீகளா?" என்றார். இல்லை என்றேன். பக்கத்தில் தின்றுகொண்டிருந்த ஆள் சிரித்தான். இரண்டு முட்டையைத் தின்றுவிட்டு வந்தேன்.

செப். 7, ஞாயிறு

தலைவலி. துணி ஊறிக்கொண்டே கிடக்கிறது. வீ.கா. மாமியாரோடு போனில். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுப்படி வரை கேட்டது. "வாயக் கட்டத் தெரியாதவ வயித்துல எப்படிடா தங்கும்?" இவர் "சரிம்மா, வைங்க" என்றார். அவ்வளவுதான். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேஸ் புக் பண்ணணும்.

செப். 9, செவ்வாய்

வெம்பக்கோட்டைப் பக்கம் இடி. இங்கே துளி விழவில்லை.

வேனை விட்டு இறங்கினால் முக்கில் புதிதாக ஒரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி. நடத்துகிறவர் பாண்டி என்று பலகையில் இருந்தது. முட்டை சாதம், சாஸ் போடாமல், சட்டியைக் கழுவிவிட்டு, என்றேன். முகம் சுளிக்கவில்லை. "கழுவிருவோம்க்கா, அம்புட்டுத்தானே." தேய்த்தார். கரண்டியையும் கழுவச் சொன்னேன். கழுவினார். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாய் நீண்டுவிட்டது. "எல்லாரும் இப்படித்தான் சொல்லுறீக. கடைக்காரங்களாலதான் எனக்கு ஆறு மாசமா ரத்தம் சரியாகல." வயிற்றெரிச்சலை எல்லாம் அந்த ஆள் மேல் கொட்டினேன்.

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலில் காய்ந்திருந்ததைப் பல்லால் உரித்துத் துப்பிக்கொண்டு நின்றேன்.

"அதென்னக்கா வெள்ளையா?"

"பசை. குழாய் ஒட்டுறது."

"எதுல காய்ச்சுவாக?"

"மைதாவுல" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

சோப்பும் ஒரு செம்புத் தண்ணீரும் எடுத்து வைத்தார். கழுவிவிட்டுச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

செப். 10, புதன்

இன்று வேலையில் எல்லோரையும் பார்த்தேன். எல்லோரும் பல்லால்தான் உரிக்கிறார்கள். கைக்கு ஒத்தாசை பல்தான். தொட்டியில் தண்ணீர் இருந்தால் கழுவுவோம், இல்லாவிட்டால் சேலையில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம். பக்கத்தில் உட்கார்ந்து குழாய் சுற்றுகிற மாரியிடம் சொன்னேன். "பசையத் தின்னு எவ செத்தா?" என்று சிரித்தாள்.

ஆறு மாதம் பரோட்டாக் கடையை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். பகலெல்லாம் பசையைத் தின்றிருக்கிறேன்.

வீ.கா.விடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "தீபாவளி வரைக்கும் பாரு. போனஸ வாங்கிட்டு நின்னுக்க. பல்லுல வைக்காம இருந்தாப் போதும்ல?" என்னைச் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோறு வடித்தேன். எனக்கு முப்பத்து நாலு. முதலிலிருந்து ஆறு மாதம் தொடங்கணும். பல்லைக் கட்டலாம், பழகின கை கேட்குமா? பயமாக இருக்கிறது. முதல் தடவையாக எழுதுகிறேன், பயமாக இருக்கிறது.

செப். 11, வியாழன்

மேகமூட்டம். நகம் வெட்டினேன். வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறவில்லை. மாரி ஜன்னலில் தலையை நீட்டி, "ஏ புள்ள, லோடு குமிஞ்சு கிடக்கு, வா" என்றாள். வரவில்லை என்று கையாட்டினேன். போய்விட்டது.

பாண்டி வண்டி சாயங்காலம்தான். இட்லிக்கடை. சாம்பார் இல்லாமல் இட்லி, தாளிக்காத சட்னி. பாதியில் வீ.கா. போன்.

"ஒங்க கம்பெனி ஃபோர்மேன் கூப்பிட்டாரு. வேலைக்குப் போகலயாமே. எங்கன இருக்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். இனி பசையத் தொட மாட்டேங்க."

அந்தப் பக்கம் பிரஸ் மிஷின் சத்தம் மட்டும். வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. போனை மேசையில் அப்படியே வைத்துவிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.