கரிநெருப்பருகே

அண்ணனுக்கு,

நீ ஞானஸ்நானம் வாங்கியதும் எனக்குக் கொடுத்தனுப்பிய பைபிளை வாசித்தேன். கெமிக்கல் டிப்ளமோ படித்தவனுக்கு ஒரே சேர்மானம் இரண்டு இடத்தில் வந்தால் கண்ணில் படும்.

பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்தது கரிநெருப்பருகே. அவர் உயிர்த்தெழுந்து வந்து, என்மேல் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்டதும் கரிநெருப்பருகேதான்.

நாரணாபுரம் பட்டாசு ஆலையில் மருந்து அறை வெடித்தபோது, நாலு பேருக்கு மட்டுமே அனுமதியுள்ள இடத்தில் ஒன்பது பேரை உட்காரவைத்த போர்மேன் நீ. மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, விசாரிக்க வந்த மூன்று அதிகாரிகளிடமும், "இந்தப் பொம்பள இங்கன வேல பாக்கல" என்றாய். கரிந்து கிடந்தது நம் அம்மா.

செவ்வாய்க்கிழமை அதே அறை வாசலில் விசாரணை. இறந்த தொழிலாளர் பட்டியலில் அம்மா பெயர் ஏறவேண்டும். சபையில் அழுதது போதும், வா. அதிகாரிகள் முன்னால் "அந்தப் பொம்பள யாரு" என்று மூன்று முறை கேட்பேன். மூன்று முறையும் சொல்.

உன் தம்பி