ஆறு நாற்காலிகளுக்கு ஒரு விலாசம்

என்னங்க,

உங்கள் முதுகுப்பிடிப்பு விட்டதா? பாப்பாவுக்குச் சளி குறைந்ததா? இந்த ஊரில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

அலுவலகக்காரர்களின் ஆங்கிலத்தைச் சோதித்து மார்க் போடும் வேலையில் நேற்று ஒரு கூத்து. தொலைபேசிப் பேச்சுத் தேர்வுக்கு முதுகோடு முதுகாக உட்காருவோம். முகத்தைப் பார்த்துச் சமாளிக்கக் கூடாதாம். என் வேடம் கோபக்கார வாடிக்கையாளர், வாங்கிய ஆறு நாற்காலிகள் வந்து சேரவில்லை. தேர்வுக்கு வந்த கிடங்கு மேலாளர் பதறாமல் விலாசம் கேட்டார். என் கையிலிருந்த கேள்வி அட்டையில் அது இல்லை. வாயில் வந்தது நம் வீட்டு விலாசம். "மாடியில பச்சைக் கதவு, பெல் அடிக்காது, கூப்பிடுங்க" என்பது வரைக்கும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கே அனுப்பிடறேன் மேடம். நீங்க வீட்ல இருப்பீங்கல்ல?" என்றார்.

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இதற்கும் அதில் பதில் இல்லை. பக்கத்தில் மார்க் போட்ட தோழி, "உன் வாயையே அடைச்சிட்டாரே!" என்று அவருக்கு அள்ளிப் போட்டுவிட்டாள்.

பாப்பாவின் தலையணை உறை ஒன்றை அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். அடுத்த ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். அந்த பெல்லை மட்டும் சரிபண்ணி வையுங்கள். நான் ஊருக்கு வந்து வாசலில் நிற்கும்போது கூப்பிட எனக்குக் குரல் வராது.