சாம்பியின் ஆபரேஷன்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். பிற்பகல் புழுதிக் காற்று. தர்மபுரியில் பூனை டாக்டர். திரும்பும்போது பஸ்ஸில் அரூர் வரை சாம்பி கூடைக்குள் ஒரே கத்தல். முன்சீட்டுக்காரர் நான் திருடி வருவதைப் போலப் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. பூனைகளுக்கு வரும் லுக்கேமியா வைரஸ். மனிதருக்கு ஒட்டாது. மற்ற பூனைகளுக்கு எச்சில், கடி வழியாக ஒட்டும். குணப்படுத்த மருந்து இல்லை. ஒரு வருஷமும் இருக்கலாம், நாலு வருஷமும் இருக்கலாம்.

டாக்டர், சின்ன வயசு: "கர்ப்பப்பைய எடுத்துட்டா நல்லது சார். சினைப்பட்டா இது ஒடம்பு தாங்காது. குட்டிங்களும் நோயோடதான் பொறக்கும். ஆனா ரத்தம் கொஞ்சம் கம்மி. மயக்க மருந்துலயே போயிடவும் வாய்ப்பிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிற வேலை எப்போதும் என் தலையில். அப்பாவின் கடைசி வைத்தியமும் அப்படித்தான். தம்பி குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பாகம் பிரிக்கும்போது மட்டும் கை நீண்டது.

ஜூன் 4, புதன்

சாம்பிக்குப் பருவம். உருண்டு புரண்டு அழுகை. மதில்மேல் குமார் வீட்டுக் கடுவன் கருப்பன், பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

மல்லிகா: "ஒரு ஈத்து போட்டுட்டுப் போகட்டுமேங்க. பொட்டையாப் பொறந்துட்டு அதுவும் இப்படியே போவணுமா?"

நோயோடு பிறக்கும் என்றேன்.

"டாக்டருங்க சொல்லுவாங்க. எனக்கும்தான் என்னென்னவோ சொன்னாங்க."

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

சாயங்காலம் சாம்பி சமையலறை ஜன்னல் வழியாக ஓடிவிட்டது. இருட்டும் முன் வந்தது. கருப்பனுக்கும் ஒட்டியிருக்கும். ஒட்டட்டும் என்று நினைத்தேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத.

குமாரிடம் பேசி வருஷங்கள் ஆகின்றன.

ஜூன் 11, புதன்

தூறல். பருவம் அடங்கிவிட்டது. டாக்டருக்கு ஃபோன். அறுவை திங்கட்கிழமைகளில் மட்டும். "முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு சார். ஒரு பருக்கைகூட ஆகாது."

சரி என்றுவிட்டேன். ஃபோனை வைத்ததும் வேண்டாம் என்று தோன்றியது. எலுமிச்சம்பழத்தைத் தட்டித் தட்டி வீடு முழுக்க ஓடுகிறது. இதையா படுக்கவைத்து அறுப்பது?

வாங்க: கூடைக்குக் கயிறு, டெட்டால், மல்லிகா முட்டிக்குத் தைலம்.

ஜூன் 16, திங்கள்

வீண்.

நேற்றே சாம்பியைக் குளியலறையில் பூட்டினேன். ஒன்றும் கொடுக்கவில்லை என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னேன். அவர் ஊசியை எடுக்கும்போது கூடைக்குள் வாந்தி. மீன் தலை. எங்கள் வீட்டில் நேற்று கோழி.

"மயக்கத்துல வந்திருந்தா நுரையீரலுக்குப் போயிருக்கும். அங்கேயே முடிஞ்சிருக்கும். படிச்சவர்தானே சார் நீங்க?"

எம்.எஸ்சி., பி.எட். தலையாட்டினேன்.

பாகப்பிரிவினையில் குளியலறை எனக்கு, அதன் ஜன்னல் திறப்பது குமார் வாசலில். பஸ் இறங்கி நேரே போனேன். அவன் மனைவி சுமதி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் வழியா மீன் போட்டியா?"

"போட்டேன் மாமா. ராவெல்லாம் கத்துச்சு. எங்க மேல கோவம்னா பூனையக்கூடவா பட்டினி போடுவாங்கன்னு மனசு கேக்கல."

உள்ளேயிருந்து குமார்: "அப்பன் சாவுக்கே பேசாதவரு, பூனைக்குப் பேச வந்துட்டாரு பாரு."

நோய், ஆபரேஷன், கருப்பனுக்கும் சோதனை செய்ய வேண்டும், எல்லாம் சொன்னேன். வகுப்பு எடுக்கிற குரல்தான் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டிருப்பேனா மாமா?"

வந்துவிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

புழுக்கம். சாம்பி பாதிதான் சாப்பிடுகிறது. ஈறு வெளுத்திருக்கிறதா, என் கண்ணுக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

கருப்பனுக்கு இப்போதைக்கு நோய் இல்லையாம். மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டுமாம். குமார் அதை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறான். சுமதி மல்லிகாவிடம் சொன்னது. நிம்மதி. எரிச்சலும்.

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம். ராத்திரி குளியலறை ஜன்னல் பக்கம் யாரும் வரவில்லை.

டாக்டர் ஈறைத் தூக்கிப் பார்த்தார். "போன வாரத்தவிட வெளுப்புதான். பண்றதா வேண்டாமா, நீங்க சொல்லணும்."

அறையில் பூட்டி வளர்க்கலாம். ஆனால் பருவம் வந்து அழும்போது மல்லிகா கதவைத் திறந்துவிடுவாள். வேண்டுமென்றே திறப்பாள்.

"பண்ணுங்க" என்றேன்.

வெளியே பெஞ்சு. எதிர்ச் சுவரில் பல்லி. ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு: "உங்குளுக்கு என்னங்க, நாயா?" பூனை என்றேன்.

பிழைத்துக்கொண்டது. டாக்டர் வெளியே வந்து குரலைத் தாழ்த்தினார்: "சினையா இருந்துச்சு சார். மூணு. ரொம்பச் சின்னது. எடுத்துட்டேன்."

வீடு வந்தேன். சுமதி மதிலுக்கு அந்தப் பக்கம்: "பொழச்சுக்குச்சா மாமா?" உம் என்றேன். மல்லிகா சாம்பியைத் துண்டோடு வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். தலை இன்னும் ஆடுகிறது. வயிற்றில் முடி மழித்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்:

"டாக்டரு வேற ஏதாச்சும் சொன்னாராங்க?"

"தையலை நக்க விடக் கூடாதாம்."