சத்தப் பிரிவு

நாள் 96. காலை 9.10. சிகிச்சை அறை, சுற்றுப்பாதை நிலையம்

எழுதுவது செண்பகவல்லி, முதுகெலும்பு மருத்துவர், கோவில்பட்டி. இது யார் கையில் கிடைக்கிறதோ அவருக்காக ஒரு விளக்கம். எடையில்லாத இடத்தில் முதுகெலும்பு நீளும். எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகள் ஊறிப் பருக்கும். எல்லோருக்கும் இடுப்பு வலிக்கும். பேனா அளவு விசைக்கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. முதுகில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று தட்டும். ஆய்வில் பாதிப் பேருக்கு உண்மையான தட்டு. மீதிப் பேருக்கு விசையைப் பூட்டிவிட்டு வெறும் சத்தம்; இவர்கள் சத்தப் பிரிவு. யாருக்கு எது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

மற்றவர்கள் போன வாரம் இறங்கிவிட்டார்கள். மிச்சம் நானும் விமானி மிக்கேல்ராஜும்தான். மணப்பாட்டுக்காரர். சத்தப் பிரிவு.

இன்று 'டக்' முடிந்ததும் அவர் சொன்னது, ஒலிப்பதிவில் உள்ளபடி: "அப்பாடா! டாக்டரம்மா, ஒங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

வலி பத்துக்கு ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு குறித்தேன்.

நாள் 103. மாலை 5.40

எடைப்பட்டை கட்டமாட்டேன் என்கிறார் மனுஷன். தோளிலிருந்து கால்வரை இழுத்து, முதுகைத் தரைக்குப் பழக்கும் ரப்பர் பட்டை அது. தினமும் கட்டியே ஆகவேண்டும்.

"வலி இருக்கவனுக்குத்தாம்மா அதெல்லாம். எனக்குத்தான் ஒங்க டக்கு இருக்கே!"

வலி குறைந்தது அவர் நம்பிக்கையில். முதுகு கெட்டபடியேதான் இருக்கிறது. இதைச் சொன்னால் ஆய்வு பாழாகும் என்று தரைக் கட்டுப்பாட்டு மையத்தில் என் வாயைக் கட்டிவைத்திருக்கிறார்கள். கத்திப் பார்த்தேன். "சரி தாயே" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிதந்து போய்விட்டார்.

இடதுகால் பெருவிரல் மரத்திருக்கிறதாம். காலுறை இறுக்கமாம். எனக்கு இது பிடிக்கவே இல்லை. நாளை ஸ்கேன்.

நாள் 104. பகல் 11.25

நான் பயந்ததுதான். கீழ்முதுகில் ஒரு டிஸ்க் பூரி மாதிரி உப்பி நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே எடையில்லை, அதனால் தாங்குகிறது. தரையிறங்கும்போது உடம்பு மூன்று மடங்கு கனக்கும். அது பிதுங்கினால் இரண்டு காலும் போய்விடும்.

இறங்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பட்டை, பயிற்சி என்று ஒழுங்காக இருந்தால் தேற்றிவிடலாம். அவரிடம் உண்மையைச் சொல்ல அனுமதி கேட்டுத் தரைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

நாள் 104. பகல் 2.05

காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் தீ. அணைத்துவிட்டோம். விண்விமானத்தைத் தானாகத் தரையிறக்கும் வழிகாட்டிக் கணினி பக்கத்தில் இருந்தது, அதுவும் கருகிவிட்டது. காற்று நாளை மதியம் வரைதான் வரும். ஐந்து வாரம் என்று எழுதிய மை காயவில்லை. காலையில் கிளம்பவேண்டும். விமானத்தை மிக்கேல் தன் கையால்தான் இறக்கவேண்டும்.

தரையிலிருந்து வந்த பதில்: "டாக்டர், சொல்லாதீங்க. வலி திரும்பினா அவர் கை நிலையா இருக்காது. ரெண்டு உயிரும் அந்தக் கையிலதான் இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு டக் கொடுத்துடுங்க."

படுபாவிகள்! ஆனால் அவர்கள் சொன்னதில் தப்பு எங்கே என்றும் எனக்குத் தெரியவில்லை.

நாள் 105. காலை 6.30. விமானம்

சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கண்ணை மூடிக்கொண்டு, கையால் காற்றில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். விரல் இம்மி நடுங்கவில்லை.

"பயமாட்டு இருக்கா டாக்டரம்மா? வலி மட்டும் இருந்துச்சுன்னா இந்த வண்டியத் தொடவே மாட்டேன்னுருப்பேன். எல்லாம் ஒங்க புண்ணியம்."

'டக்' போட்டேன். கனம் முதுகில் இறங்காதபடி இருக்கையைச் சாய்த்து, இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டினேன். எதற்கு என்று கேட்டார். விதிமுறை என்றேன். எனக்கும் உயிர்மேல் ஆசை இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நாள் 105. காலை 8.52

பின் இருக்கை. பயங்கர அதிர்வு. எழுத்து கோணுகிறது. கை இரும்பாய்க் கனக்கிறது.

காதுக்கருவியில் அவர் குரல்: "சாஞ்சுகிட்டே கைப்பிடி எட்டல. நிமிந்துக்கிடுதேன். இந்தப் பட்டை வேற வயித்தப் புடிக்கி."

"கழட்டாதீங்க! மிக்கேல், கழட்டாதீங்க!"

"வலியே இல்லியே, எதுக்கு?"

ஒரு வரி. ஒரே ஒரு வரி சொன்னால் போதும். ஓடுதளம் தெரிகிறது. இப்போது சொல்லி அவர் கை ஆடினால்

கொக்கி கழன்ற சத்தம் கேட்டது.

நாள் 105. காலை 9.14

இறங்கிவிட்டோம். பூப்போல இறக்கினார். காதுக்கருவி முழுக்கக் கைதட்டல்.

விமானத்தின் வெளிக்கூட்டுச் சூடு ஆறும்வரை கதவைத் திறக்கமாட்டார்கள். தவழ்ந்து அவரிடம் வந்தேன். பூட்ஸைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். விரல்களை ஆட்டச் சொன்னேன்.

"ஆட்டிக்கிட்டுத்தான இருக்கேன்."

இரண்டு பாதங்களும் என் மடியில் இருக்கின்றன. ஆடவில்லை. கிள்ளினேன். நகம் பதிந்தது. அவர் ஜன்னல் வழியே, ஓடி வருகிற ஆட்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

காலை 9.20

அழுதுவிட்டேன். பார்த்துவிட்டார்.

"என்னத்துக்கு அழுதிய? இடுப்புக்குக் கீழ கொஞ்சம் மரத்தாப்புல இருக்கு, அவ்வளவுதான். ஒரு டக்கு போடுங்க, சரியாயிரும்."

கருவி சட்டைப்பையில்தான் இருந்தது. விசை பூட்டியபடி.

போட்டேன்.

"அப்பாடா" என்றார்.