அச்சுதன் கொண்டுவரும் பென்டிரைவ்

காமு,

அடிக்கடி ஹேங் ஆகும் உன் லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட மத்தியானம் உன் தம்பி அச்சுதன் வருகிறான். குழம்பு வைத்துவிட்டேன், அப்பளம் மட்டும் பொரித்துக்கொள். கேட் சாவி ஷூ ராக்கின் மேலே.

நேற்று நான் கேட்டதில் என்ன தப்பு? "காசே வாங்காமல் எவன்டா இவ்வளவு பெரிய சாஃப்ட்வேரைத் தருவான்?" என்றேன். "அத்திம்பேர், கோயில் புளியோதரையையும் இப்படி விசாரிச்சுட்டுத்தான் சாப்பிடுவேளா?" என்கிறான். நீ வேறு சிரித்தாய். மோர் சாதத்தைப் பாதியில் விட்டு எழுந்தேன். பசியோடு படுத்தது நான்தான்.

சரி, போடட்டும். ஆனால் அவன் நாவலூர் ஆபீசில் பத்துப் பேர் கை மாறிய பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது வேண்டாம். லினக்ஸ்காரர்களின் சொந்த வெப்சைட்டிலிருந்து உன் கண் முன்னால் புதிதாக இறக்கி அதில் ஏற்றட்டும். இன்ஸ்டால் பண்ணாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாமாம். உன் டியூஷன் கேள்வித்தாள் ஒழுங்காகப் பிரிண்ட் ஆனால் மேற்கொண்டு போகட்டும். பழையதை அழிக்கவா என்று கேட்டால் பயப்படாதே. கேள்வித்தாள், நம் பெண் மாளவிகாவின் கல்யாண போட்டோ எல்லாம் காப்பி எடுத்துவிட்டேன். திறந்தும் பார்த்தேன், இரண்டு தடவை.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறேன்.

ஸ்ரீரங்கன்

பி.கு.: உண்மையில் என் சந்தேகம் லினக்ஸ் மேல் இல்லை. லேப்டாப் வேகமானால் நீ ராத்திரி ஆன்லைன் டியூஷன் பேட்ச்சும் எடுப்பாய். நான் தனியாகச் சாப்பிட வேண்டும்.

அதற்கும் கீழே: எடு, காமு. தோசை நான் வார்த்து வைக்கிறேன். வட்டமாக இருந்தால் மட்டும் எந்த ஹோட்டல் என்று விசாரி.