வராதவருக்கே பதவி

வேசர் ஆற்றங்கரை,
ஞாயிறு மாலை

அன்பு ஹில்கே,

தீவில் காற்று தணிந்ததா? உன் அட்டை வந்தது. எழுத்து சாய்ந்திருக்கிறது, படுத்தபடியே எழுதினாய் போலிருக்கிறது. தொலைபேசியில் பேசினால் உனக்கு இருமல் வருகிறதென்று நர்ஸ் சொன்னதால் நானும் எழுதுகிறேன். மருத்துவர் உன்னை அந்தத் தீவு மருத்துவமனையிலேயே இன்னும் இருக்கச் சொன்னது நுரையீரலுக்கு நல்லது என்றுதான் இங்கே எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

வீட்டில் குறையில்லை. கோசுக்கீரை வேகவைத்தேன், அடிப்பிடித்துவிட்டது. சாசேஜை மட்டும் தின்றேன்.

நேற்றுப் படகுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். நீ அதைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். தீவுக்குக் கிளம்பும்போது, "இந்த வருஷமாவது செயலாளர் வேலை முடியாதுன்னு சொல்லிட்டு என் பிறந்த நாளுக்கு வந்துடுங்க. போன தடவை வந்தும் மடிக்கணினியில கழகத்து சர்வரத்தானே பாத்துட்டிருந்தீங்க" என்றாய். சொல்லிவிடுவதாக இருந்தேன்.

ஆனால் பொறுப்பை ஒப்படைப்பதென்றால் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் எண்ணம். உறுப்பினர் விவரம், படகு முன்பதிவு, சந்தா என்று அத்தனையும் அந்த ஒரு செயலியில் இருக்கிறதே. மத்தியானம் படகுக் கொட்டகையின் மாடிக்குப் போய், அங்கிருக்கும் சர்வர் பெட்டியில் புதிய பதிப்பை நிறுவினேன். யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. பழைய தரவுத்தளம் புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை. முதலில் ஒரு நகலில் சோதித்திருக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான் செய்வேன். நேற்று ஏன் செய்யவில்லை என்று தெரியவில்லை. வயதாகிவிட்டது என்று எழுதினால் நீ திட்டுவாய்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சேமித்து வைத்திருந்த பிரதியிலிருந்து மறுபடி ஏற்றத் தொடங்கினேன். அதற்குள் ஆற்றின் கரைமேட்டுக்கு அந்தப் பக்கமுள்ள விடுதியில் கூட்டம் ஆரம்பமாகிவிட்டது. நம் கழகத்தில் கூட்டத்துக்கு வராதவர் தலையில்தான் பதவி விழும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தனை வருடம் அப்படி விழுந்த பெயர்களை எழுதிவைத்தவனே நான். இருந்தும் மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

தலைவி வீப்கே தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள் போல. பின்னால் சிரிப்பும் கண்ணாடிக் குவளைச் சத்தமும். "வாத்தியாரே, உங்கள ஏகமனதா தேர்ந்தெடுத்தாச்சு! ஏத்துக்கறீங்களா?" என்றாள். நான், "கொஞ்சம் பொறு, இன்னும் ஏறி முடியல" என்றேன். பின்னாலிருந்து நம் கழகத்து ஹார்ம், "அவரு எப்ப முடியாதுன்னு சொல்லியிருக்காரு? தட்டுங்கடா கைய!" என்று கத்தினான். கைதட்டினார்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

தரவுகள் சரியாக ஏறின. சோதிக்க முதல் பக்கத்தைத் திறந்தேன். இந்த மாதப் பிறந்த நாட்கள் வரிசையில் உன் பெயர், பக்கத்தில் கேக் படம். பிறந்த நாளன்று காலை கழகத்தின் பெயரால் உனக்கு ஒரு வாழ்த்து தானாகவே வந்து சேரும். அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். எல்லோருக்கும் ஒரே வாசகம். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு கரைமேடேறி விடுதிக்குப் போனேன்.

உள்ளே உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "நான் ஏத்துக்கல. ஹில்கேகிட்டப் போறேன்" என்றேன். அத்தனை பேரும் தட்டைப் பார்த்தார்கள். "அப்போ அந்தப் பெட்டிய யாரு மேய்க்கறது, வாத்தியாரே? எனக்கு என் வீட்டு டிவியே அடங்க மாட்டேங்குது" என்றான் ஹார்ம். ஒருவரும் சிரிக்கவில்லை. வேறு யாராவது உண்டா என்று வீப்கே கேட்டாள். யாரும் கையைத் தூக்கவில்லை. வழக்கமாக அந்த மௌனத்தில்தான் நான், சரி, இன்னும் ஒரு வருடம் என்பேன். நாக்கு நுனிவரை வந்தது, ஹில்கே. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கொட்டகைச் சாவியையும் கடவுச்சொற்கள் அடங்கிய உறையையும் வீப்கேயிடம் கொடுத்தேன். அவள், "வாசல் வரைக்கும் வரேன் சார்" என்று எழுந்து வந்தாள். சின்ன வகுப்பில் என்னிடம் படித்தபோது கூப்பிட்டது போலவே கூப்பிட்டாள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

இனி யார் தரவுகளைப் பிரதி எடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போதும் மனம் குடைகிறது. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

புதன்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். மடிக்கணினி இங்கேயே இருக்கட்டும். அறையில் இன்னொரு நாற்காலி போட நர்ஸ் சம்மதிப்பாரா என்று கேட்டு வை. சாப்பாடு பிடிக்காவிட்டாலும் இரண்டு வாய் சாப்பிடு. இரவில் ஜன்னலைச் சாத்திக்கொள். உனக்கு நல்ல தூக்கம் வரட்டும். நான் வந்து சேரும்வரை மட்டும் எப்படியாவது பொறுத்துக்கொள், கண்ணே.

என்றும் உன்,
ரைமர்