மூத்தோர் சாலையின் ஆணிகளைப் பிடுங்குமாறு மலைப்புறக் கூற்றத்துக்கு எழுந்த ஓலை

முத்தாற்றின் இரு கரையும் ஒரு குடைக்கீழ்க் காத்து, கடல்சூழ் ஆழித்துறையில் அரியணை அமர்ந்து, முறையிட வந்தோர் எவரையும் வாயிலில் காக்க வைத்தறியாத கோமகள் நிலவாழி மாதேவியார் திருவாய்மொழிந்தருளியபடி ஓலைநாயகம் கூத்தன் செந்தன் எழுதியது. மலைப்புறக் கூற்றத்து நாடுகாவலர், கணவாய் காத்த பெருஞ்சாத்தனார் காண்க. உம் மலைகளில் மழை தவறாதிருப்பதாக. உம் தினைப்புனங்கள் நிறைய விளைவதாக. உம் குடிகள் அனைவரின் மூச்சும் தடையின்றி ஓடுவதாக.

நீர் விடுத்த ஓலை வந்தது. மூச்சுக்காய்ச்சல் கணவாய் கடந்து உம் ஊர்களில் புகுந்ததையும், முதியோர்மீதே அது முதலில் பாய்வதையும், ஆதலால் முதியோர் தங்கி வாழும் உம் மூத்தோர் சாலையின் கதவுகளுக்கு ஆணி அடித்து, சோற்றைச் சன்னல் வழியே உள்ளே தள்ளுவித்து வருவதையும் எழுதி, இச்செயலுக்குத் தேவியாரின் ஒப்புதலை வேண்டியிருந்தீர். தேவியார் உம் ஓலையை இருமுறை படிப்பித்துக் கேட்டருளினார். முதியோரைக் காக்க நீர் கொண்ட கவலையை மெச்சினார். ஆணிகளுக்கு ஒப்புதல் தரவில்லை. ஏன் தரவில்லை என்பதை ஆழித்துறைச் சாலையில் நடந்ததைக் கொண்டே உமக்கு உரைக்கவும், அதில் எளியோர் பேசிய பேச்சை அரசவைத் தமிழாக்காமல் பேசியவாறே எழுதவும் பணித்தார். அவ்வண்ணமே எழுதப்படுகிறது.

மரக்கலங்களோடு இந்நோய் ஆழித்துறைக்கு வந்திறங்கியபோது, மூத்தோர் சாலைகளுக்குக் கண்காணியாக நியமிக்கப்பட்டவர் காரி நன்னனார். துறைக்கோட்டையின் தலைவராக இருந்தவர். முற்றுகையில் கோட்டையை விடாமல் பிடித்து நின்றவர். அவருக்குச் சாலையும் ஒரு கோட்டையாகவே தோன்றியது. உள்ளே இருப்போரை வெளியே இருப்பது நெருங்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த எண்ணத்தால் நன்மையும் விளைந்தது. நோய் பெருகி மருத்துவச் சாலையில் படுக்க இடமில்லாமல் போனபோது, தலைமை மருத்துவர், காய்ச்சல் தணிந்தும் இருமல் ஓயாத முதியோரை வண்டிகளில் ஏற்றி, மூத்தோர் சாலைக்கே திருப்பி அனுப்பினார். நன்னனார் வாயிலின் குறுக்கே நின்றுகொண்டார். வண்டிகள் வெயிலில் நிற்க, ஆள்விட்டுச் சுங்கப் பண்டகசாலையைத் திறக்கச் செய்து, இருமல் ஓயும்வரை அவர்களை அங்கே தங்க வைத்தார். ஒரு சாலையில் காலையும் மற்றொன்றில் மாலையும் பணி செய்த தாதியரை ஒரே சாலையில் நிறுத்தி, உள்ளேயே இருப்பிடம் தந்தார். காய்ச்சல் கண்ட தாதி அதை மறைக்காமல் சொல்லிப் படுத்துக்கொள்ளும் பொருட்டு, படுத்திருக்கும் நாட்களுக்கும் அவள் வீட்டுக்கு நெல் போகச் செய்தார். சாலையில் சிலர் மாண்டனர். ஆனால் நகரமெங்கும் பிணங்கள் விழுந்ததைப்போல் அங்கே விழவில்லை. நன்னனார் தலை நிமிர்ந்து நடந்தார்.

அப்போதுதான் தாதியர் தலைவி நீலி அவரிடம் வந்து, காய்ச்சலே காணாதவர்கள் இளைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். அரிசி குறைந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். சமையல் சரியில்லையா என்று கேட்டார்.

"சமையலெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு. ஊட்டிப் பாத்துட்டோம், கெஞ்சிப் பாத்துட்டோம். வாய தொறக்க மாட்டேங்கறாங்க. விளக்குக் கடலன் தாத்தாவ வந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்றாள் நீலி.

கடலன் என்பவர் துறைமுகக் கலங்கரை விளக்கைப் பல்லாண்டு காத்தவர். முதுமையில் நினைவு அழிந்து, தம் பெயரும் பிறர் பெயரும் அறியாதவரானார். மகள் செவந்தி நாள்தோறும் உப்பளத்து வேலை முடிந்ததும் வந்து பிசைந்து ஊட்டுவாள். அவள் கையிலன்றி அவர் உண்டதில்லை. நோய்க்கு அஞ்சிச் சாலையின் வாயிலை அடைத்ததும் அந்தக் கை வரவில்லை.

நன்னனார் தாமே கஞ்சிக் கலயத்தோடு அவர் பக்கத்தில் அமர்ந்தார். கிழவர் கலயத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையை உற்றுப் பார்த்தார். பிறகு முகத்தை வாயில் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். சோறில்லாமல் வீரர்கள் செத்ததை முற்றுகையில் கண்டவர் நன்னனார். சோற்றை முன்னே வைத்துக்கொண்டு ஒருவர் சாவதை அன்றுதான் கண்டார். கஞ்சி ஆறும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார்.

வெளியே வந்தபோது செவந்தி வாயிலருகே நின்றிருந்தாள். துரத்தத் துரத்த நாள்தோறும் வந்து நிற்பவள் என்று காவலர் முறையிட்டனர். நன்னனார் அவளைத் தூரத்தில் நிறுத்தி, எதற்காக வருகிறாய் என்று கேட்டார்.

"எங்கப்பனுக்குச் சோறூட்டணும்யா."

"வெளியே இருந்து நீ நோயைக் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து. உன்னை விட்டால் எல்லோரையும் விட வேண்டும். போய் வா."

"போக வர இருந்தாத்தானே நோவு வரும்? உள்ள போறேன். வெளிய வரல."

நன்னனாருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் பொறுமையாகவே சொன்னாள்: "நீலியக்கா உள்ளயே இருக்காங்கல்ல, அது மாதிரி என்னையும் வச்சுப் பூட்டிருங்க. இந்த நோவு ஊரவிட்டுப் போற மட்டும் நான் வெளிய வரமாட்டேன். உப்பளத்துல சொல்லிட்டேன். வீட்டுலயும் சொல்லிட்டேன்."

"உள்ளே நோய் வந்து நீயும் செத்துப்போனால்?"

"தெரிஞ்சுதான்யா கேக்கறேன்."

அன்று அவர் அவளை விடவில்லை. எவரும் உட்புகலாகாது என்பது அமைச்சவையின் ஆணை; மீறுவோருக்குத் தண்டம் உண்டு. நன்னனார் அவைக்குச் சென்று, ஆணையில் ஒரு திருத்தம் வேண்டினார். அமாவாசை கழிந்து அவை கூடும்போது ஆராயப்படும் என்று மறுமொழி வந்தது. அமாவாசைக்கு வெகு நாள் இருந்தது. கடலனாருக்கு அவ்வளவு நாள் இல்லை.

நன்னனார் காத்திருக்கவில்லை. வாயிலை ஒட்டிய காவலர் அறையைக் கழுவி, வெள்ளையடித்து, சன்னல்களைத் திறந்துவைத்து, செவந்தியை அதில் தனியே தங்கவைத்தார். நோய் உடலில் ஒளிந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் வகுத்த நாட்கள் கழிந்தன. காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை என்று நீலி வந்து சொன்னாள். அதன் பின்னரே உட்கதவு திறந்தது. தாம் செய்ததையும், அதற்குத் தாமே பொறுப்பென்பதையும் அன்றே அவைக்கு எழுதி அனுப்பினார்.

செவந்தி வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தாள். கிழவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார், அறியவில்லை. அவள் கட்டை அவிழ்க்கக் கையெடுத்தாள், நீலி வேண்டாமென்று தலையசைத்தாள். செவந்தி கை கழுவி, சோற்றைக் குழையப் பிசைந்து, ஒரு கவளத்தை உருட்டி நீட்டினாள். உப்பில் வெடித்த அந்த விரல்களைக் கிழவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். நன்னனார் எழுந்து சென்று, நன்றாகவே பூட்டியிருந்த வாயிலை மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

செய்தி பரவவே பிறரும் வந்தனர். ஒரு முதியவருக்கு ஒருவர் என்று நன்னனார் வரையறுத்தார். வரும் ஆளை முதியவரே தேர வேண்டும் என்றார். துணி வாணிகர் ஒருவரின் தாயார், மகன் வேண்டாம், அடுத்த வீட்டுப் பொன்னி வரட்டும் என்றார். மகன் வாயிலில் நின்று வாதிட்டார். "பெத்த மகன் நான் இருக்கேன், அடுத்த வீட்டுக்காரி எதுக்கு?" என்று கேட்டார். உள்ளிருந்து தாயார் சொல்லி அனுப்பியது இது: "அவன் வந்தா கணக்குப் பேசுவான். பொன்னி வந்தா தாயம் ஆடுவா." பொன்னியே உள்ளே போனாள்.

எல்லாம் இனிதே நடந்ததாக நினைக்க வேண்டாம். வந்தவருள் ஒருவருக்குக் காவலர் அறையில் இருக்கும்போதே காய்ச்சல் கண்டது. அவரை அங்கிருந்தபடியே மருத்துவச் சாலைக்கு அனுப்பினர். உள்ளே எவருக்கும் அது தொற்றவில்லை. ஆனால் அச்செய்தி அமைச்சவைக்கு எட்டியது. அடைத்த வாயிலைத் திறந்து, முதியோரைச் சாவின் வாயில் தள்ளினார் என்று நன்னனார்மீது குற்றம் சாற்றி அவையில் நிறுத்தினர். தேவியார் தாமே வந்து அமர்ந்தார்.

வாயிலைத் தாம் திறந்துவிடவில்லை என்றும், உள்ளே அடைபட்டோரின் தொகையையே கூட்டியதாகவும் நன்னனார் விண்ணப்பித்தார். எளிதில் விட்டுக்கொடுக்காத தலைமை மருத்துவரும், அவரோடு முன்னம் பிணங்கியிருந்தும், இளைத்துக் கிடந்தோர் பலர் எழுந்து அமர்ந்திருப்பதைத் தாம் நேரில் கண்டதாகச் சொன்னார். இவ்வளவு காவலையும் மீறி இந்த உறவினரால் நோய் உள்ளே புகுந்துவிட்டால் என்ன செய்வீர் என்று தேவியார் வினவியருளினார்.

நன்னனார் உரைத்த விடை இது: புகலாம். புகாது என்று வாக்களிக்க எவராலும் இயலாது. புகுந்தால், நோயுற்றவரைப் பிரித்து வைத்து மருத்துவம் பார்க்க வழி உண்டு. மகளைக் காணாமல் வாயை மூடிக்கொண்டவருக்கு மருந்து என்னிடமும் இல்லை, மருத்துவரிடமும் இல்லை. மறுபடி என்னை அங்கே அனுப்பினாலும் இதையே செய்வேன். தண்டம் எதுவாயினும் ஏற்பேன்.

தேவியார் தண்டம் விதிக்கவில்லை. ஆணையைத் திருத்தினார்.

கடலனார் மழைக்காலம் வரை இருந்தார். நோயால் அன்று, முதுமையால், மகள் பக்கத்திலிருக்க ஒரு பிற்பகலில் அடங்கினார். இனி நீ வீடு போகலாம் என்று நன்னனார் செவந்தியிடம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசி வரிசையில இருக்கறவங்களுக்குன்னு யாரும் வரலையே, ஐயா. கதவு தொறக்கற மட்டும் அவங்களப் பாத்துக்கறேன்" என்றாள். அவள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். தாதியருக்குரிய படியும் நெல்லும் அவளுக்கு வழங்கப்படுகின்றன.

பெருஞ்சாத்தனாரே, நீர் அஞ்சுவது தவறன்று. ஆனால் ஆணி அடித்த கதவுக்குப் பின்னால் யார் உண்டார், யார் உண்ணவில்லை என்பதை உம்மால் அறிய இயலாது. சன்னல் வழியே போன சோற்றுக்கலம் வெறுமையாய்த் திரும்புவதால், உண்ண முடியாதவரும் உண்டார் என்று ஆகிவிடாது.

ஆதலால் தேவியார் கட்டளையிட்டருள்வது: உம் சாலையின் கதவுகளில் அடித்த ஆணிகள் இவ்வோலை கண்ட பொழுதே பிடுங்கப்பட வேண்டும். காவல் வேண்டும், அது திறக்கவும் பூட்டவும் கூடிய காவலாக இருக்க வேண்டும். மருத்துவச் சாலையில் இடமில்லை என்ற காரணத்தால் இருமல் ஓயாத ஒருவரையும் மூத்தோர் சாலைக்கு அனுப்பலாகாது. அவர்களுக்கென வேறு இடம் ஒழித்துத் தருவது உம் கடமை, அது உம் அரண்மனையின் ஒரு பகுதியே ஆனாலும் சரி. தாதியர் ஒரே சாலையில் தங்கிப் பணி செய்க. நோயுற்றுப் படுத்தால் அவர்கள் வீட்டு உலை அணையாமல் நெல் அளக்க. உள்ளே இருக்கும் ஒவ்வொருவரிடமும் யார் வேண்டும் என்று கேட்க. கேட்டுச் சொல்ல இயலாதவருக்கு, யார் கையில் உண்டார் என்று அறிந்து அவரை அழைக்க. வாயிலை ஒட்டிய புறவறையில் மருத்துவர் வகுத்த நாட்கள் வைத்துப் பார்த்து உள்ளே விடுக. யாருமில்லாதவருக்கு மனமொப்பி வருவோரைத் தேடித் தருக. இறந்தோரைப் பற்றி எழுதும்போது காய்ச்சலால் இறந்தோரையும், காய்ச்சலின்றி இளைத்து இறந்தோரையும் தனித்தனியே எழுதுக. இரண்டாவதை மறைத்த அதிகாரி பதவி இழப்பார்.

இதற்கு மறுமொழி ஓலை எழுதிப் பொழுது கழிக்க வேண்டா. இவ்வோலையைக் கொணர்ந்து இப்பொழுது உம் எதிரே நிற்பவர் காரி நன்னனாரே. ஐயம் இருந்தால் சாலைக்கு நடந்து போகும் வழியில் அவரிடமே கேட்டுக்கொள்க. சாலையின் திறவுகோலை அவர் கையில் தருக. ஆணி அடித்த தச்சரையே சுத்தியலோடு உடன் அழைத்துச் செல்க.

இன்றைய உச்சிப்பொழுதுச் சோறு கதவு வழியே உள்ளே போக வேண்டும். இது நிலவாழி மாதேவியார் திருவாணை. வலம்புரி முத்திரை இட்டது.